வெளித் தாழ்ப்பாள்

மறதி நோய் வந்தவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டக் கூடாது என்று டீச்சர் சொல்லும்போது தலையாட்டாமல் இருக்க யாராலும் முடியாது. அவ்வளவு நன்றாகச் சொல்வாள். முதலில் சாக்பீஸைக் கீழே வைப்பாள். வகுப்பறைக் கதவு வரை நடந்து போய் அதைச் சாத்துவாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "இப்ப உங்கள்ல யாருக்காவது வெளிய போகணும்னு தோணுதா?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு கைகள் உயரும்.

"கதவு தெறந்திருந்தப்ப தோணல இல்ல? அவ்வளவுதான் பாடம்," என்பாள்.

முதியோர் இல்லம் ஒன்றின் மாடியில் நடந்த வகுப்பு அது. வீடுகளுக்குப் போய் வயதானவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அங்கே ஆட்களைத் தயார் செய்தார்கள். அதே இல்லத்தில் கீழ்த்தளத்தில் பல வருடம் மலம் அள்ளியவள், புண் துடைத்தவள் டீச்சர். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் மாடிக்கு அனுப்பிப் பாடம் எடுக்க வைத்தார்கள். பாடப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அதில் உள்ளதெல்லாம் உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் தொல்லை. பொய்யைச் சொல்லிக் கொடுப்பதென்றால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த முறை வந்த குழுவில் ஒருத்தி ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்த்தவள். கடையை மூடிவிட்டார்கள், பிழைக்க வேறு வழி தேடி வந்திருந்தாள். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. எல்லோரும் அவளைப் பன் அக்கா என்றார்கள். பூட்டுப் பாடம் முடிந்த அன்று அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். வீட்ல பாத்துக்க ஒரே ஆள்தான்னு வைங்க. அந்த ஆளும் வேலைக்குப் போயே தீரணும். அப்ப என்ன செய்யறது?"

"அக்கம்பக்கத்துல உதவி கேக்கலாம். பகல் நேரத்துல பாத்துக்கற மையம் இருக்கு. கதவே கண்ணுக்குத் தெரியாதபடி திரை போடலாம். கதவு முன்னாடி கறுப்பு மிதியடி விரிச்சா அவங்களுக்கு அது பள்ளம் மாதிரி தெரியும், தாண்ட மாட்டாங்க."

"இத்தனையும் செஞ்சும் கெளம்பிப் போயிட்டாங்கன்னா?"

"மறுபடி செய்யணும்," என்றாள் டீச்சர்.

வகுப்பு சிரித்தது. பன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

சாயங்காலம் டீச்சர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். ஜன்னலை ஒட்டியே தையல் மெஷின். படியேறுகிறவர்கள் யாரும் அவள் கண்ணுக்குத் தப்ப முடியாது.

"எப்படி இருந்தாரு?"

"மத்தியானம் போய் சோறு போட்டேன் அக்கா. நல்லா சாப்பிட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டு இருந்தாரு. நான் மெஷினை ஓட்டிட்டேன். சத்தம் கேக்கல."

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஓட்டினியா, ஓட்டினதால கேக்கலையா?"

"ரெண்டும்தான்," என்றாள் தையல்காரி. ஊசியில் நூல் கோப்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது மாடி. டீச்சர் கதவுக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். செருப்பு அடுக்கும் மரப்பலகையை ஓரமாக நகர்த்தினாள். வலிக்காத முழங்காலை ஊன்றிக் குனிந்தாள். கதவின் அடியில், தரையோடு தரையாக, ஒரு தாழ்ப்பாள். அதன் கம்பி தரையில் குடைந்த குழிக்குள் இறங்கியிருந்தது. அதை மேலே தூக்கினாள். பிறகுதான் சாவி.

அந்தக் கட்டிடத்தில் வேறு எந்த வீட்டுக்கும் வெளியே தாழ்ப்பாள் கிடையாது. எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் திறந்துகொள்ளும்.

உள்ளே மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன். கதவு மேஸ்திரி என்றால்தான் வெளியே தெரியும். ஊரில் பாதிக் கட்டிடங்களுக்கு நிலை நிறுத்திக் கதவு மாட்டியவர். ஆறடி ஆள். இப்போதும் நடையில் தள்ளாட்டம் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. தலைக்குள் மட்டும் ஒவ்வொரு அறையாக விளக்கு அணைந்துகொண்டு வந்தது.

"நீ எந்த வீடு?" என்று கேட்டார்.

"இதே வீடுதாங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு. இந்தக் கதவு உள்ளேருந்து தெறக்க மாட்டேங்குது. எவனோ வேலை தெரியாதவன் மாட்டியிருக்கான்."

அவள் முகம் கழுவப் போனாள்.

பாடத்தில் உள்ளது எதையும் செய்து பார்க்காமல் அவள் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. முதலில் திரை போட்டாள். மரமும் பறவையும் வரைந்த அழகான திரை. மேஸ்திரி அதைத் தூக்கிப் பார்த்து, "யாரு கதவுக்குச் சட்டை போட்டது? மரத்துக்கு மூச்சு முட்டாதா?" என்று கழற்றி மடித்து வைத்தார். பிறகு கறுப்பு மிதியடி. அவர் அதை எடுத்துப் படிக்கட்டில் உதறி, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மற்றவர்களுக்குக் கதவை மறைக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கதவையே பார்த்தவருக்கு மறைக்க முடியாது. இது புத்தகத்தில் இல்லை.

அக்கம்பக்கம் கேட்டாள். தையல்காரியைத் தவிர மற்றவர்கள், "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க," என்றார்கள். கூப்பிட்டபோது எல்லோருக்கும் அவசர வேலை வந்தது. பகல்நேர மையத்தில் கொண்டுபோய் விட்டாள். மத்தியானத்துக்குள் அங்கிருந்து போன். குளியலறைக் கதவு உரசுகிறதென்று மேஸ்திரி அதைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார், உள்ளே ஒரு அம்மாள் குளித்துக்கொண்டிருக்கும்போதே. இனிமேல் கூட்டி வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவள் பயிற்சி கொடுத்து அனுப்பும் ஆட்களில் ஒருவரை வைத்துக்கொள்ள அவள் சம்பளம் காணாது.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் யோசனை சொன்னாள். நல்ல மகள்தான். நிறையப் படிப்பாள்.

"அம்மா, நீயும் ரெஸ்ட் எடுக்கணும். பாத்துக்கறவங்க தன்னையும் பாத்துக்கணும்னு போட்டிருக்கான்."

"தெரியும்டி. அதை எழுதிப் போட்ட புத்தகத்தை நான்தான் நடத்தறேன்."

"அப்ப ஏன் செய்ய மாட்டேங்கற?"

"நீ வந்து ரெண்டு நாள் இரு, செய்யறேன்."

அதற்குப் பிறகு மகள் குழந்தையின் இருமலைப் பற்றிப் பேசினாள்.

இரண்டாவது முறை காணாமல் போனபோது மேஸ்திரியை ஒரு புதுக் கட்டிட வேலையில் கண்டுபிடித்தார்கள். பெரிய சாலையைக் குறுக்கே கடந்து போயிருந்தார். சாரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, நிலை சாய்ந்திருக்கிறதென்று அங்கிருந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். இறக்கிக் கூட்டி வந்த மறுநாள் அவருக்குத் தலை தெளிந்த நாள். அப்போதெல்லாம் நடுநடுவே தெளிந்த நாட்கள் வரும். என்ன நடந்தது என்று விடாமல் கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னாள். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவடியில் உட்கார்ந்தார்.

அந்தத் தாழ்ப்பாளை அவர்தான் போட்டார். அவருக்காக அவரே.

"கீழ போட்டாத்தான் யாரு கண்ணுக்கும் படாது. மேல செருப்புப் பலகையை வெச்சுக்க," என்றார். "இந்தப் பையை வீட்ல வெக்காத, கீலைக் கழட்டிடுவேன். தையக்காரப் பொண்ணு கிட்டக் குடுத்துடு. நான் கெஞ்சினாலும் தெறக்காத."

"இல்லத்துலயே ஒரு இடம் இருக்குங்க. பாதுகாப்புப் பகுதின்னு."

"நம்பர் அமுக்கினாத் தெறக்குமே, அந்தக் கதவா? அதை மாட்டினதே நான்தான். அதுக்குள்ள போனவன் வெளிய வர மாட்டான்னு எனக்குத் தெரியும். அங்க மட்டும் என்னை அனுப்பிடாத."

அனுப்ப மாட்டேன் என்று அவள் சொன்னாள். சொன்னதை அவர் மறந்துவிட்டார். அவளுக்கு அந்த வசதி இல்லை.

இல்லத்தில் இருந்த அந்தப் பகுதிக்குப் பெயர் 'பூட்டிய அறை' அல்ல. பூட்டு என்ற சொல்லை யாரும் அங்கே வாயில் எடுப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒரு பயிற்சியாளர் நோயாளியை அடைத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் சான்றிதழைப் பறித்துவிடுவார்கள் என்பது எழுதிய விதி. சான்றிதழ் போனால் வேலை போகும். வேலை போனால் வாடகை போகும். பிறகு நம்பர் கதவைத் தவிர மேஸ்திரிக்குப் போக்கிடம் இல்லை. ஆக, அவரை அந்தக் கதவுக்குள் அனுப்பாமல் இருப்பதற்காக இந்தக் கதவுக்குள் வைத்திருந்தாள். தினமும் கேஸ் குழாயை மூடி, கத்தியை எடுத்து ஒளித்து, குழாயடியில் தண்ணீர் சொட்டாமல் பார்த்து, ஆயிரம் தரம் சரிபார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை இறக்குவாள். இறக்கிய கையோடு போய்ப் பாடம் எடுப்பாள்.

இல்லத்தின் மேலாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். கெட்ட மனசு கிடையாது. நோயாளியின் பக்கத்தில் முழுசாக ஒரு ராத்திரி உட்கார்ந்ததும் கிடையாது. ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார்.

"இந்தக் குழுவை ஒரு நிஜ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை, டீச்சர். படிச்சதைக் கண்ணால பாக்கணும். யோசிச்சுப் பாத்தா உங்க வீட்டை விட நல்ல வீடு எது?"

"எங்க வீடு சின்னது மேடம்."

"அதுதான் வேணும். இந்த வெள்ளிக்கிழமை. ஒண்ணும் மெனக்கெடாதீங்க. நீங்க எப்பவும் செய்யறதைக் காட்டினாப் போதும்."

டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முடியாது என்றால் ஏன் என்ற கேள்வி வரும். எப்பவும் செய்வதைக் காட்டினால் அந்தக் கேள்விகூட வராது, நேராகச் சான்றிதழைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தையல்காரியிடம் கருவிப் பையை வாங்கிக்கொண்டு மேலே போனாள். அத்தனை பேர் செருப்புக் கழற்றும் இடம் அது. பலகையை யாராவது நகர்த்தினால் கதை முடிந்தது. கதவடியில் உட்கார்ந்து திருப்புளியை வைத்து அழுத்தினாள். வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

தலைக்கு மேலே ஒரு நிழல். "அது என்ன, திருப்புளியைக் கரண்டி மாதிரி பிடிச்சிருக்க?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"தெரியாதுன்னா தள்ளு. ஆணித் தலையைக் கெடுத்துடாத."

மேஸ்திரி உட்கார்ந்தார். பையைத் திறந்ததும் அவர் முகமே வேறாகிவிட்டது. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி உதட்டுக்கு நடுவில் செருகிக்கொண்டார். தாழ்ப்பாள் கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலை. யாரு போட்டது?"

"நீங்கதான்."

"அதான் பாத்தேன். எதுக்குக் கழட்டறோம்?"

"நாளைக்கு ஆளுங்க வராங்க. பாத்தா நல்லா இருக்காது."

"வீட்டுக்காரரு சொன்னாரா?"

"ஆமா."

"வீட்டுக்காரரு சொன்னா சரி," என்றார். அவள் கேட்காமலே மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டைகளை அடைத்தார். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகு பூசினார். மூக்கை ஒட்ட வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. தரையில் இருந்த குழியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கறுப்பு மிதியடியைத் தேடி எடுத்து வெளியே அதன்மேல் போட்டாள். மரமும் பறவையும் வரைந்த திரையை உள்ளே மாட்டினாள். குளியலறைக் கதவில் குளியலறைப் படத்தையும் கண்ணாடி அலமாரியில் தட்டின் படத்தையும் ஒட்டினாள். பாடப் புத்தகத்தின் அட்டைப்படம் போல ஆயிற்று வீடு.

மறுநாள் மேடம் முன்னால் வர, குழு பின்னால் வந்தது. நின்றால் முட்டும் வீட்டில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வீடு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் காட்டினார்.

"தட்டிப் பாருங்கம்மா, கூச்சப்படாதீங்க. சத்தம் கெட்டியா வரணும். வெத்துச் சத்தம் வந்தா உள்ள பொய்யின்னு அர்த்தம்."

மேடம் தட்டிப் பார்த்தார். "எவ்வளவு இயல்பா இருக்காரு பாருங்க! இதான் நான் சொன்னது. திரை, மிதியடி, படம். பூட்டே இல்லாத வீடு!"

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். திரையைப் போட்டோ எடுத்தார்கள். டீச்சர் ஒரு கையை மேஸ்திரியின் முழங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பார்த்தவர்களுக்கு அது அன்பாகத் தெரிந்திருக்கும். அது பிடி.

கிளம்பும் நேரத்தில்தான் வந்தது வினை. எல்லோரும் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வழியனுப்பும் தோரணையில் கூடவே வந்தவர், திடீரென்று குனிந்து கதவடியைத் தடவினார். மெருகுக்கு மேல் அவர் விரல் ஒரு முறை போய்த் திரும்பி வந்து நின்றது.

"இங்க ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சே."

செருப்பு மாட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிப்பக்கம். நான்தான் போட்டேன். நான் ஓடிப்போகாம இருக்க நானே போட்டேன். யாரு கழட்டினது?"

மேடம் டீச்சரின் தோளை மெல்லத் தொட்டார். பிறகு குழுவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல சந்தர்ப்பம், கவனிங்க. இல்லாததை இருந்துச்சுன்னு சொல்வாங்கன்னு படிச்சோம் இல்லையா? மறுக்கக் கூடாது, வாதாடக் கூடாது. அவங்க உலகத்துக்குள்ள நாம போகணும். டீச்சர் எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பாருங்க."

பேனாக்கள் வெளியே வந்தன.

"ஆமாங்க," என்றாள் டீச்சர். "இருந்துச்சு. நீங்கதான் போட்டீங்க. நான்தான் நேத்து கழட்டச் சொன்னேன்."

அவள் பேச்சில் எந்த ஒப்பனையும் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால், சம்பளம் கொடுப்பவருக்கு முன்னால், உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லோரும் வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார்கள்.

"அற்புதம்," என்றார் மேடம்.

மேஸ்திரிக்குத் திருப்தியில்லை. "அப்ப நான் வெளிய போயிட்டேன்னா?"

"நான் இருக்கேன்ல."

"நீ எங்க இருக்க? நீதான் வேலைக்குப் போயிடறியே."

குழு சிரித்தது. மேடமும் சிரித்துக்கொண்டே கண்ணோரத்தைத் துடைத்தார். படியில் இறங்கும்போது திரும்பி, "முடிவு பண்ணிட்டேன், டீச்சர். இனி ஒவ்வொரு குழுவையும் இங்கதான் கூட்டிட்டு வரப்போறோம். மாசத்துக்கு ஒருமுறை. உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்றார்.

சிரமம் இல்லை என்று டீச்சர் சொன்னாள்.

பன் அக்கா கடைசி ஆளாக நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால் பட்டு மிதியடி விலகியிருந்தது. தரையில் இருந்த குழியை அவள் பார்த்தாள். வட்டமாக, சுத்தமாகக் குடைந்த குழி. பிறகு கதவடியைப் பார்த்தாள். தழும்பு விழுந்த கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, காலாலேயே மிதியடியை இழுத்து அதன்மேல் சரியாகப் போட்டாள்.

"வரேன் டீச்சர்," என்றாள். அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் அடுப்பைப் பற்ற வைத்தாள். மேஸ்திரிக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்தவள் கண்ணை மூடினாள். கருவிப் பை, கழற்றிய தாழ்ப்பாளோடு, கதவோரமாகவே இருந்தது. பாத்துக்கறவங்க ரெஸ்ட் எடுக்கணும் என்று மகள் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் செய்தாள்.

கண் விழித்தபோது வாசல் கதவுக்கு வெளியே திருகும் சத்தம். திரை அவிழ்க்கப்பட்டு நாற்காலியில் மடித்துக் கிடந்தது. என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரிந்தது. தடுக்கவில்லை. நாளைக்கு எப்படியும் அதை மாட்டித்தான் ஆக வேண்டும், ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள்.

டக் என்று கம்பி குழிக்குள் இறங்கியது. கதவு ஒரு முறை வெளியிலிருந்து குலுங்கியது.

"நல்லா பிடிச்சிருக்கு," என்றது மேஸ்திரியின் குரல்.

"சரிங்க. தெறங்க."

"யாரு உள்ள?"

"நான்தாங்க. தெறங்க."

அந்தத் தலைக்குள் எந்த அறையில் விளக்கு எரிந்ததோ, "கெஞ்சினாலும் தெறக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றார்.

பிறகு பையைத் தூக்கும் சத்தம். படியில் காலடி.

டீச்சர் குமிழைத் திருகினாள். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. போனை எடுத்துத் தையல்காரியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே மெஷின் ஓடும் சத்தம் இங்கேயே கேட்டது. இரண்டு உள்ளங்கையாலும் கதவைத் தட்டினாள். "தெறங்க! என்னங்க, தெறங்க!" அடித்துக்கொண்டே இருந்தவள் கையை எடுத்துப் பார்த்தாள்.

இத்தனை நாளில் இந்தக் கதவை மூடிய நிலையில் உள்ளிருந்து அவள் நின்று பார்த்ததில்லை. வரும்போது திறப்பாள், போகும்போது வெளியே இருப்பாள். இடைப்பட்ட நேரத்தில் யாருக்கு நின்று கதவைப் பார்க்க நேரம்? திரை மாட்டியபோதுகூடக் கண் மேலே கொக்கியில்தான் இருந்தது. அவள் அடித்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆறடி ஆளின் நெஞ்சுயரத்தில், மெருகு போய் மரம் வெளுத்திருந்தது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. அவ்வளவு வெளுக்க ஒருநாள் இரண்டுநாள் தட்டினால் போதாது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. காலடி ஒரு மாடி இறங்கிவிட்டது. கெஞ்சுவதை நிறுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டாள். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும் வீட்டுக்காரியின் குரலை வரவழைத்துக்கொண்டு கத்தினாள்.

"மேஸ்திரி! என்ன வேலை செஞ்சிருக்கீங்க? கதவு அடியில உரசுது!"

காலடி நின்றது.

"பாதியில விட்டுட்டுப் போனா எப்படி? காசு மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?"

"யாரு சொன்னா உரசுதுன்னு?" கோபமான குரல் மேலே ஏறி வந்தது. "நான் மாட்டின கதவு உரசாது. இத்தனை வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்ல."

"வந்து பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

கம்பி மேலே எழும்பியது. கதவு திறந்தது. மேஸ்திரி அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தரையில் குந்தி, கதவின் அடியில் விரலை விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க உரசுது?"

"உரசல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அதானே!" என்று எழுந்தார். "மரத்தைப் பத்தித் தெரியாம வாயை விடக் கூடாது."

அவங்க உலகத்துக்குள்ள நாம போகணும். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள் புத்தகத்தில். கதவின் எந்தப் பக்கத்திலிருந்து என்று மட்டும் எழுதவில்லை.

சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்தாள். கேஸை மூடினாள். கத்தியை ஒளித்தாள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் குனியாமல் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரிய சாலையில் லாரிகள் போகும் சத்தம் படிக்கட்டு வரை வந்தது.

குனிந்தாள். கம்பி முன்பைவிட வழுக்கலாக இறங்கியது. மனுஷன் எண்ணெய் போட்டிருக்கிறார்.

உள்ளே காலடி கதவை நோக்கி வந்தது. மரத்தின் மேல் இரண்டு உள்ளங்கை பதியும் சத்தம்.

"சரியா பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"பிடிச்சிருக்குங்க."

"இழுத்துப் பாத்தியா?"

இழுத்துப் பார்த்தாள். "அசையல."

"அப்ப போயிட்டு வா."

செருப்புப் பலகையை அதன் இடத்தில் தள்ளிவிட்டு டீச்சர் கீழே இறங்கினாள். தையல்காரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பையை வாங்கி மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

"இனி இது எப்ப வேணும் அக்கா?"

"அடுத்த மாசம்," என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.